அம்மா கட்டிய ஈ

"ஈயைப் போய் எதுக்குடி கட்டணும்?"

சனிக்கிழமை சாயங்காலம் நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அம்மா கேட்டது இது. நியாயமான கேள்விதான். புந்தோங்கில் எங்கள் வீட்டு ஜன்னலைத் திறந்தால் வேண்டிய அளவுக்கு ஈ பறந்து வரும். அதைக் கட்டிப்போட யாரும் வகுப்பு வைப்பதில்லை.

நான் போனது வேலையாகத்தான். வார இறுதியில் ஈப்போ மக்கள் என்ன செய்கிறார்கள் என்று நிகழ்ச்சியில் ஐந்து நிமிடப் பகுதி ஒன்று போகிறது. ஈப்போ கார்டன் பக்கம் ஒரு கடைவீட்டு மாடியில், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பத்துப் பன்னிரண்டு பேர் கூடி உட்கார்ந்து தூண்டில் முள்ளில் இறகு கட்டுகிறார்கள் என்று ஒரு நேயர் தகவல் அனுப்பியிருந்தார். ஒலிப்பதிவுக் கருவியோடு போனேன். ஒரு மணி நேரம் பதிவு செய்தேன். வீட்டில் வந்து கேட்டால், யாரோ இரண்டு முறை இருமியதும் மேசையில் கத்தரிக்கோல் வைத்த சத்தமும்தான். யாரும் பேசவேயில்லை. வானொலிக்கு இதைவிட உதவாத ஒரு பொழுதுபோக்கை யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால் அடுத்த வகுப்புக்கும் போனேன். இந்த முறை கருவியை எடுத்துப் போகவில்லை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாம் தோட்டத்தில் பிடித்த மீனெல்லாம் மண்புழு கோத்துப் பிடித்தது. முள், ஈயக்குண்டு, நைலான் கயிறு, மூங்கில் கம்பு, அவ்வளவுதான். இந்த 'ஃப்ளை' முறையில் புழு கிடையாது. இறகு, ரோமம், நூல் இவற்றை வைத்து ஒரு பூச்சியையோ குஞ்சு மீனையோ போலச் செய்து முள்ளில் கட்டிவிடுகிறார்கள். அதற்கு எடையே இல்லை. அதனால் எடையைக் கயிற்றில் வைத்திருக்கிறார்கள். கம்பை முன்னும் பின்னும் வீசும்போது தடித்த கயிறு காற்றில் சுருண்டு நீண்டு, நுனியில் இருக்கும் 'ஈ'யை இழுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் மெதுவாக வைக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நான் வீசியபோது மட்டும் பின்னால் நின்ற ஒருவருடைய தொப்பி போய்விட்டது.

இது வெள்ளைக்காரன் விளையாட்டு என்று நினைத்திருந்தேன். வயதைப் பார்த்தால் அதைவிடப் பழையது. ஏறக்குறைய 1800 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஈலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் மக்கள் முள்ளைச் சுற்றிச் சிவப்புக் கம்பளி நூலைக் கட்டி, சேவலின் தாடிக்குக் கீழே வளரும் இறகு இரண்டையும் சேர்த்து மீன் பிடிக்கிறார்கள் என்று குறித்து வைத்திருக்கிறார். முள், நூல், சேவல் இறகு. இன்றைக்கும் அதேதான். சென்னை மாகாணத்தில் அதிகாரியாக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873இல் இந்திய ஆறுகளின் தூண்டில் மீன்பிடிப்பைப் பற்றி ஒரு புத்தகமே போட்டார். அவர் விரட்டிய மாசீரும், நம் பேராக் ஆறுகளின் கேலாவும் ஒரே குடும்பம்.

முதல் பாடம் 'வூலி பக்கர்'. அமெரிக்காவில் பிறந்த ஈ. பார்ப்பதற்கு மயிர்க்கம்பளிப் பூச்சி மாதிரி இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் இழுத்தால் அட்டையா, குஞ்சு மீனா, எறாவா என்று மீனுக்கே குழப்பம் வந்துவிடும். முள்ளைச் சின்ன இடுக்கியில் கவ்வ வைக்க வேண்டும். நூலை முள்ளின் மேல் சுற்றி, சுற்றிய நூலின் மேலேயே திரும்பச் சுற்றிப் பூட்ட வேண்டும். வாலுக்கு வான்கோழியின் பஞ்சு இறகு. உடம்புக்கு மயிற்பீலி. அதன் மேல் சேவலின் கழுத்து இறகைச் சுருள் சுருளாகச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் முடிச்சுப் போட்டு, ஒரு சொட்டு வார்னிஷ். எழுதும்போது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! என்னுடைய முதல் ஈயைப் பார்த்த சிக்கு, "இது சாலையில் அடிபட்டதா?" என்று கேட்டார். சிக்கு ஓய்வு பெற்ற சீன ஆசிரியர். மலாயில்தான் பாடம் நடத்துவார், சிரிக்காமல் கிண்டல் செய்வார்.

மூன்றாவது வகுப்புக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். இதற்கு ஒரு காரணம் இருக்கிறது, சொல்லாமல் விட்டால் மீதி புரியாது.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அம்மா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர், அங்கேயே பால் வெட்டியவர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்டபிறகு, உளி பிடித்த கையால் உதிரிப் பழம் பொறுக்கினார். பிறகு லயமும் போயிற்று, நாங்கள் ஈப்போவுக்கு வந்தோம். அப்பா இருந்தவரைக்கும் இரண்டு பேரும் எதையாவது ஒன்றைச் சண்டை போட்டுக்கொண்டாவது பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது வீட்டில் அம்மாவின் சத்தம் சாமி விளக்கேற்றும்போது முணுமுணுப்பதுதான். நான் காலை நாலு மணிக்குக் கிளம்பி, நான்கு மணி நேரம் ஊருக்கெல்லாம் பேசிவிட்டு, தொண்டை வறண்டு வீட்டுக்கு வந்து படுத்துவிடுவேன். அம்மா என் நிகழ்ச்சியைத் தவறாமல் கேட்பார். யோசித்துப் பார்த்தால், நேரில் நான் பேசிக் கேட்டதைவிட வானொலியில் நான் பேசிக் கேட்டதுதான் அவருக்கு அதிகம். அன்றைக்கு, "தனியா இருக்கிறதுக்கு வாங்களேன், காத்தாட உக்காந்துட்டு வரலாம்" என்றேன். வருவார் என்று நினைக்கவில்லை. சேலை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

முதல் அரை மணி நேரம் மூலையில் உட்கார்ந்து ஒயிட் காப்பி குடித்தார். பிறகு எழுந்து வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"நூல இப்படித் தொங்கவுட்டா எப்படி நிக்கும்? நவுரு."

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைப் பூவைக் கடையில் வாங்கமாட்டோம். உதிரி மல்லிகை வாங்கி அம்மாதான் சரம் கட்டுவார். தொலைக்காட்சியைப் பார்த்தபடியே, விரல் தானாகப் போய்க்கொண்டிருக்கும். பூக் கட்டுவதற்கும் ஈ கட்டுவதற்கும் கணக்கு ஒன்றுதான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இழுத்தால் காம்பு அறும், விட்டால் பூ உதிரும், அந்த நடு இடத்தில் நூலை வைத்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லாரும் தோற்கும் இடமும் அதுதான். நூலை அறுக்கிறார்கள், இல்லையென்றால் தொளதொளவென்று விடுகிறார்கள். அம்மா உட்கார்ந்த முதல் தடவையே நூல் அறவில்லை.

பால் வெட்டும் கையும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன். பால்மரத்துப் பட்டையை இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரித்து வெட்டுவார்கள். ஆழம் போதாவிட்டால் பால் வராது. கொஞ்சம் கூடிப்போனால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. அந்த மெல்லிய அளவை, விடியாத இருட்டில், மரத்துக்கு மரம், வருடக்கணக்காகக் கையில் வைத்திருந்தவருக்கு ஒரு முள்ளும் நூலும் என்ன பெரிய விஷயம்? கண்தான் கொஞ்சம் படுத்தியது. அடுத்த வகுப்புக்குப் போகும்போது பையில் ஏதோ எடுத்து வைத்தார். அங்கே போய்ப் பார்த்தால், நெற்றியில் கட்டும் விளக்கு! எல்லாரும் மேசை விளக்கை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்க, அம்மா மட்டும் வெட்டுக்குப் போகிறவர் மாதிரி நெற்றி விளக்கோடு உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த வகுப்பில் மூன்று பேர் அதே மாதிரி விளக்கோடு வந்தார்கள்.

இப்படிக் கூடி உட்கார்ந்து ஈ கட்டுவதை மருந்தாகவே பயன்படுத்தும் இடங்களும் இருக்கின்றன. அமெரிக்காவில் போரில் காயம்பட்டு வந்த வீரர்களுக்கு இதைச் சொல்லித்தர 2005இல் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்களைக் கூட்டிப்போய் இந்த முறையில் மீன் பிடிக்கக் கற்றுத்தரும் இன்னொன்று 1996 முதல் இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கை, தோள் அசைவுக்குக் கம்பு வீசுவது நல்லதாம். இதையெல்லாம் வீட்டில் படித்து அம்மாவிடம் சொன்னேன். அவருக்கு அதில் அக்கறையில்லை. கடையில் விற்கும் ஈக்களைப் பெரும்பாலும் கென்யா, இலங்கை, தாய்லாந்து மாதிரி நாடுகளில் பெண்கள்தான் ஆலையில் உட்கார்ந்து கட்டுகிறார்கள் என்று சொன்னபோதுதான் நிமிர்ந்தார்.

"ஒண்ணுக்கு எவ்ளோ கூலி?"

எனக்குத் தெரியவில்லை. தோட்டத்துப் பெண்ணுக்கு முதலில் தோன்றும் கேள்வி ஊடகம் படித்த எனக்குத் தோன்றவே இல்லை.

அம்மாவுக்கும் இந்தக் குழுவுக்கும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகவில்லை. பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவார்கள். அதற்காக முள்ளின் உள்பக்கம் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிடுகிறார்கள், கழற்றும்போது மீனின் வாய் கிழியாமல் இருக்க. "சம்பளம் பத்தாத மாசம் ஒங்கப்பா கால்வாயிலேருந்து பிடிச்சாந்த கெளுத்திலதான் குழம்பு. பிடிச்சத விடுறதுக்கா இத்தன பாடு?" என்று காரில் வரும்போதெல்லாம் சொல்வார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. பசியில்லாதவர்கள்தான் மீனோடு விளையாட முடியும். ஆனால் கேலா மெதுவாக வளரும் மீன், ஆறு தெளிவாக ஓடினால்தான் பிழைக்கும், ஆளாளுக்குப் பிடித்துத் தின்றால் நம் பிள்ளைகள் படத்தில்தான் பார்ப்பார்கள் என்று சிக்கு பொறுமையாக விளக்கினார். அம்மா கேட்டுக்கொண்டார். ஒத்துக்கொண்டாரா என்று தெரியவில்லை.

ஆனால் கேலா பற்றிய அந்தப் பாடத்தில்தான் அம்மா வகுப்பையே கைப்பற்றினார்.

கேலா பழம் தின்னும் மீன். ஆற்றோரம் செம்பனை இருந்தால் உதிர்ந்து விழும் பழத்துக்காகக் கீழே காத்திருக்கும். கேலா பிடிப்பவர்கள் செம்பனைப் பழத்தையே முள்ளில் கோப்பதுண்டு. ஃப்ளை முறைக்காரர்கள் விடுவார்களா? பழத்தைப் போலவே ஓர் 'ஈ' செய்துவிட்டார்கள். சிக்கு அன்றைக்குச் சிவப்பு ரோமத்தை முள்ளில் நெருக்கிக் கட்டி, கத்தரிக்கோலால் உருண்டையாக வெட்டி, அழகாகச் செய்து காட்டினார். எல்லாரும் கையில் வாங்கிப் பார்த்துத் தலையாட்டினோம். அம்மாவிடம் வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிக்கு, இனி வார்ணா சாலா லா."

நிறம் தப்பு என்கிறார். அறையில் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு மேசைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. அம்மா தோட்டத்து மலாயில் சாவகாசமாகத் தொடர்ந்தார். பழம் இப்படி முழுக்கச் சிவப்பாக இருக்காது. தலைப்பக்கம் கறுப்பு. கீழே வரவர ஆரஞ்சு. முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது காய், காய் தானாக உதிராது. உதிராத பழம் ஆற்றில் எப்படி விழும்? மீனுக்கு அது தெரியாதா? அப்புறம் உருண்டையாகவும் இருக்காது, குலையில் நெருங்கி வளர்வதால் ஒரு பக்கம் சப்பையாக இருக்கும்.

சிக்கு இரண்டு நிமிடம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கறுப்பு ரோமத்தையும் ஆரஞ்சு ரோமத்தையும் எடுத்து அம்மாவின் முன்னால் வைத்து, "நீங்கள் கட்டுங்கள், நான் பார்க்கிறேன்" என்றார். அம்மா கட்டினார். சப்பையையும் வெட்டி எடுத்தார். கூலிக்கு மூட்டை மூட்டையாகக் குனிந்து பொறுக்கிய பழம் அது. அன்றிலிருந்து வகுப்பில் அவர் பெயர் 'மக் சாவிட்'. செம்பனை அம்மா. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார், எந்தக் காட்டில் எந்த வரிசையில் பழம் அதிகம் உதிரும் என்பதிலிருந்து, ஒரு மண்டோர் எடை போடும்போது எப்படி ஏமாற்றுவார் என்பது வரைக்கும். நான் காரை மெதுவாக ஓட்டினேன்.

அடுத்த வகுப்புக்கு மயிற்பீலி தீர்ந்துவிட்டது.

மயிற்பீலிக்கு மாற்று கிடையாது. பீலியின் ஓரத்து இழைகளை நூலோடு முறுக்கிச் சுற்றினால், வெளிச்சம் படும் கோணத்துக்கு ஏற்பப் பச்சை, செம்பு, நீலம் என்று மாறும். சாயம் இல்லை, இழையின் நுண்ணிய அமைப்பே அப்படி ஒளியைச் சிதறடிக்கிறது. நம் ஊர்ப் பறவைகளிடம் இந்த உலகத்துக்கு ரொம்ப நாளாகக் கண். தென்னிந்தியக் காடுகளின் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்தில் மெழுகுப் பொட்டு வைத்த மாதிரி இறகு இருக்கும். விக்டோரியா ராணி காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஆடம்பர ஈக்களில் அதுதான் கன்னம். இந்தியா எப்போதோ ஏற்றுமதியைத் தடுத்துவிட்டது.

"நம்ம வீட்லதான் கட்டு கட்டா இருக்கே" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

அலமாரிக்கு மேலே, பழைய சேலையில் சுற்றி வைத்திருப்பது அப்பாவின் பீலி. கல்லுமலைக்குத் தைப்பூசத்தில் மயில் காவடி எடுத்தவர். காவடியைப் பிரித்தபோது பீலியை மட்டும் அம்மா யாருக்கும் கொடுக்கவில்லை. நான் சொன்னதும் அவர் முகம் மாறியது. வீட்டுக்கு வரும்வரை பேசவில்லை. முருகனுக்குச் சுமந்ததை முள்ளில் கட்டி உயிரைப் பிடிப்பதா? எனக்கே நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. நான்கு நாள் அந்தப் பேச்சே இல்லை.

ஐந்தாம் நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது அந்தச் சேலை மூட்டை மேசைமேல் இருந்தது. "பிடிச்சா விட்டுருவாங்கதானே?" என்றார். ஆமாம் என்றேன். "நிச்சயமா விட்ருவாங்களா?" மறுபடியும் ஆமாம் என்றேன். கண் உடைந்துபோன ஒரே ஒரு பீலியை எடுத்தார். மீதியைப் பழையபடி சுற்றி வைத்தார். இத்தனை நாள் கிண்டல் செய்த விஷயம்தான் அவருக்கு வழி விட்டது.

அந்தப் பீலியில் கட்டிய ஈயோடு போன மாதம் பத்து காஜா பக்கம் ஒரு பழைய ஈயக்குட்டைக்குக் குழுவாகப் போனோம். கிந்தா பள்ளத்தாக்கில் இந்தக் குட்டைகளுக்குப் பஞ்சமில்லை. 1985இல் ஈயத்தின் விலை விழுந்ததும் தோண்டியவர்கள் போய்விட்டார்கள், குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டது. அந்த வழியில்தான் தஞ்சோங் துவாலாங்கின் பழைய ஈயக்கப்பலும் நிற்கிறது, 1938இல் கட்டியது, 4500 டன் இரும்பு. பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்ட வேண்டிய ஒன்று.

லோரி வைத்திருக்கும் தம்பி ஒருவர் அம்மாவுக்காகக் கம்பு வீசினார். இரண்டு மணி நேரம் ஒன்றும் இல்லை. அம்மா குடையைப் பிடித்தபடி கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏறியதும் கிளம்பலாம் என்று சாமானைக் கட்டும்போது கயிறு வெடுக்கென்று போனது. அரை முழம் இருக்கும், தங்கப் பச்சை உடம்பு, வாலில் கறுப்புப் பொட்டு ஒன்று, சுற்றிலும் வளையம். மயிற்பீலியின் கண்ணைப் போலவே. அந்தப் பொட்டுக்காகத்தான் அதற்கு 'பீகாக் பாஸ்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அம்மா மீனையும் பார்த்தார், அதன் வாயில் இருந்த ஈயையும் பார்த்தார்.

"விட்ரு தம்பி" என்றார்.

இங்கேதான் சிக்கல். இது நம் நாட்டு மீன் இல்லை. தென் அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்து விட்டது, உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று பெருகிக்கொண்டிருக்கிறது. கேலாவை விட வேண்டும், இதை விடக்கூடாது, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பொரித்துத் தின்பதுதான் குட்டைக்கு நல்லது என்றார் சிக்கு. தம்பியும் அதையே சொன்னார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது, இப்போதும் தோன்றுகிறது. ஆனால் அம்மாவுக்கு நான் இரண்டு முறை ஆமாம் சொல்லியிருந்தேன்.

"இது தானாவா வந்துச்சு?" என்று அம்மா கேட்டார். "எங்கேருந்தோ கொண்டாந்து விட்டவன ஒண்ணும் கேக்கல. வந்த எடத்துல பொழைச்சது குத்தமா?"

நான் அதைச் சிக்குவுக்கு மலாயில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கடைசியில், மற்றவர்கள் பிடித்த இரண்டு மீன் தம்பியின் ஐஸ்பெட்டிக்குப் போயின. அம்மாவின் மீன் தண்ணீருக்குப் போனது. சிக்குவுக்கு அதில் உடன்பாடில்லை என்பது முகத்தில் தெரிந்தது, ஆனாலும் முள்ளை அவரே கழற்றி, மீனை வாலருகே பிடித்து, அது தானாக நகரும்வரை தண்ணீரில் வைத்திருந்தார்.

காரில் ஏறியதும் அம்மா ஈயைக் கேட்டு வாங்கினார். மீனின் பல்லில் பட்டுப் பீலி பாதி பிய்ந்து போயிருந்தது. எனக்குத் திக்கென்றது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பீலியைப் பார்க்காமல், முள்ளின் கண்ணுக்குப் பக்கத்தில் போட்ட முடிச்சை நகத்தால் நெம்பிப் பார்த்தார்.

"கட்டு அவுரல" என்றார். "வழியில நிறுத்து. பூ வாங்கணும்."